சுவரும் வண்ணமும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் வீட்டு வரலாறு

வீட்டின் வெளிச்சுவரை எப்பொருளால் அமைப்பது, அதற்கு எவ்வண்ணம் பூசுவது என்பன வீட்டுக்குரியவரின் விருப்பத்தைச் சார்ந்தவை என்றே நாம் எண்ணுகிறோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றைப் பார்த்தால், அவ்வுரிமை நம்மவர் கைக்கு மிக அண்மையில்தான் வந்தது என்பது புலனாகும். அதற்கு முன்பெல்லாம் சுவருக்கும் அதனுள் வாழ்பவருக்கும் இடையே வேறு யாரோ ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

1857 ஆம் ஆண்டில் வெள்ளீயம் தேடி வந்த சீனத் தொழிலாளர் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தை அடைந்த பின்னர் எழுந்த கோலாலம்பூர், பலகையாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன ஊர். அத்தாப்பு வெப்பத்தைத் தடுக்கும், மழையையும் தாங்கும், ஆனால் ஒரு தீப்பொறி போதும். 1880 இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து இங்கு மாறிற்று. மறு ஆண்டு ஜனவரியில் தீ ஊரை அழித்தது. அவ்வாண்டின் இறுதியில் வெள்ளம் எஞ்சியதையும் அடித்துச் சென்றது. 1882 இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்டவேண்டும் என்று வற்புறுத்தினார். கப்பித்தான் யாப் ஆ லோய் பெருநிலம் ஒன்றை வாங்கிச் செங்கல் தொழிலைத் தொடங்கினார். அந்நிலமே பிரிக்பீல்ட்ஸ். நாம் நாள்தோறும் உச்சரிக்கும் ஊர்ப்பெயருக்குள் ஒரு கட்டட ஆணையே ஒளிந்திருப்பதை மாணாக்கர் அறிதல் நன்று.

1886 இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊராயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களும், தமிழகத்திலிருந்து தொழிலாளரும் வந்து குடியேறினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வே ஊழியர்க்கென எழுந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ எனும் வரிசை வீடுகள் இவ்வூரின் அடையாளமாகவே விளங்கின. ஒரே அளவு, ஒரே தோற்றம். குடியிருந்தவர் வாசலில் துளசி நட்டிருக்கலாம். சுவரின் நிறத்தை மாற்றியிருக்க முடியாது. அவ்வீடுகள் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டன.

அக்காலச் சுவர்களின் வண்ணம் சுண்ணாம்பின் வண்ணம். சுதை, சுண்ணம் என்னும் சொற்கள் நம் பழைய இலக்கியத்திலேயே உள்ளன. எனவே இந்நாட்டில் வெள்ளையடித்த சுவரைக் கண்ட தமிழன் அதனை அந்நியமாகக் கருதியிருக்கமாட்டான். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீரில் நீற்றி, வடிகட்டிப் பூசுவர். பூசிய பின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. அதாவது, வெள்ளையடித்தல் என்பது சுவர்மேல் மெல்லிய கல்லுடை ஒன்றைப் போர்த்துவதாகும். அவ்வுடைக்கு நுண்துளைகள் உண்டு. பழைய செங்கற் சுவர்களுக்கு அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாமையால் நிலத்தின் ஈரம் மேலேறும். ஏறிய ஈரம் சுண்ணாம்பின் வழியே வெளியேறிவிடும். துணிக்கு இடும் நீலத்தைச் சிறிது கலந்தால் இளநீலம். காவியைக் கலந்தால் செம்மை. பண்டிகைக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கம் அழகிற்காக மட்டுமன்று. சுண்ணாம்பின் காரத்தன்மை கிருமிகளையும் பூஞ்சையையும் ஒடுக்கவல்லது.

தோட்டத்து லயங்களிலும் வெள்ளையடித்தார்கள். தூண்கள்மேல் நின்ற பலகைச் சுவர், தகரக் கூரை, வரிசையாய் அறைகள். காய்ச்சலும் கழிச்சலும் தொழிலாளரைக் கொன்ற காலத்தில் துப்புரவு என்பது நிர்வாகத்தின் கணக்கில் ஒரு செலவினம். அதில் சுண்ணாம்பும் அடங்கும். எந்தத் தொழிலாளியும் ‘உனக்கு என்ன நிறம் வேண்டும்?’ என்று கேட்கப்பட்டதில்லை. வேலை போனால் வீடும் போயிற்று. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாறியும் போனபோது, அம்மக்களுள் பலர் புறம்போக்கு நிலத்தில் பலகையும் தகரமும் கொண்டு வீடமைத்தனர்; சிலர் தாமான்களில் தவணைமுறையில் வீடு வாங்கினர். அவ்வீடுகள் சில மஞ்சளாகவும் பச்சையாகவும் ஒளிர்வதைக் கண்டு, ‘இதென்ன இரசனை?’ என்று நகைப்பவர் உண்டு. எனக்கு அந்நகைப்பில் உடன்பாடில்லை. மூன்று தலைமுறை பிறர் வெள்ளையடித்த சுவருக்குள் வாழ்ந்த குடும்பம், முதன்முதலாகத் தன் கையால் நிறம் தேர்ந்தால் மங்கலான நிறத்தையா தேரும்?

ஆனால் புதிய பொருள்கள் பழைய சுவரின் இயல்பை அறியா. நூற்றாண்டு கண்ட செங்கற் சுவரின்மீது சிமெண்டுப் பூச்சும் எமல்ஷன் வண்ணமும் ஏற்றினால் ஈரம் உள்ளேயே சிறைப்படுகிறது. உப்புப் பூத்து, வண்ணம் கொப்புளித்து, நாளடைவில் செங்கல்லே பொடிகிறது. ‘வண்ணம் மட்டமானது’ என்று கடைக்காரரைக் கடிந்து பயனில்லை. கல்நார்ச் சிமெண்டுத் தகடு வேய்ந்த பழைய வீடுகளிலோ வேறொரு தீங்கு உண்டு: அத்தகட்டை உடைத்தாலும் துளைத்தாலும் எழும் தூசு நுரையீரலுக்குப் புற்றுநோயைத் தரும்.

நிறத்தைத் தேரும் உரிமைக்கு இன்றும் எல்லை உண்டு. 2018 ஆகஸ்டில், குடமுழுக்கை ஒட்டிப் பத்துமலையின் 272 படிகளும் பல வண்ணம் பெற்றபோது, 2005 ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்கீழ் அனுமதி பெறப்பட்டதா என்ற சர்ச்சை எழுந்ததை நாடறியும். வண்ணமோ உலகெங்கும் படமாகிப் பரவிற்று. அடுக்குமாடி வீடுகளிலோ, 2013 ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தை ஒட்டிய விதிகளின்படி, நிர்வாகத்தின் எழுத்துவழி ஒப்புதலின்றி வெளிப்புற நிறத்தை மாற்ற இயலாது. தோட்டத்து நிர்வாகியின் இடத்தில் இப்போது குழு அமர்ந்திருக்கிறது. வேறுபாடு, அக்குழுவை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது.

உள்ளூர் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒன்று சொல்வேன். மாணாக்கரைப் பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைக்கு, மக்கள் சொல்லும் ‘அஞ்சடி’க்கு, அழைத்துச் செல்லுங்கள். பூச்சு உரிந்த தூண் ஒன்று எங்கேனும் தென்படும். எதையும் சுரண்டவேண்டா, உரிந்த விளிம்பைப் பார்த்தாலே போதும். மேலே எமல்ஷன், அதன்கீழ் பச்சை, அதன்கீழ் நீலம் கலந்த சுண்ணாம்பு, அதன்கீழ் வெறும் வெள்ளை, அடியில் செங்கல். அடுக்குகளை அவர்களே எண்ணட்டும்.