ஹோப் காலேஜ்: இடம்பெயர்ந்த கல்லூரியும் இடம்பெயராத பெயரும்

கோவை அவிநாசிச் சாலையில் பீளமேட்டைக் கடந்ததும் நடத்துநர் “ஹோப் காலேஜ்” என்று குரல் கொடுப்பார். இறங்குவோர் பலர். ஆனால், அப்பெயருடைய கல்லூரி எதுவும் அங்கில்லை. ‘நம்பிக்கைக் கல்லூரி’ என்று அதைத் தமிழாக்கலாமா என என் மாணவி ஒருத்தி வினவினாள். ஹோப் என்பது இங்கு நம்பிக்கையன்று. 1940 முதல் 1946 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் ஆர்தர் ஹோப்பின் பெயர். ஊர்ப்பெயர் ஆய்வில் ஈடுபாடுடையோர்க்கு இத்தகைய பெயர்கள் கல்வெட்டுக்கு நிகரானவை.

கொங்கு நாட்டின் தொழிற்கல்வி வரலாறு கல்லூரிகளில் தொடங்கவில்லை. கிணற்று மேட்டில் தொடங்கியது எனலாம். ஆழ்கிணறுகளில் எருது பூட்டிக் கவலை இறைத்த வேளாண் மக்களிடம், 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்து சேர்ந்தது. 1888இலேயே தொடங்கிவிட்ட பஞ்சாலைத் தொழில் அதன்பின் விரைந்து பெருகிற்று. இறைப்பு எந்திரமும் மின்மோட்டாரும் வேண்டப்பட்டன; அவற்றைச் செய்யவும் பழுது நீக்கவும் கைகள் வேண்டப்பட்டன. பட்டறையில் மூத்தவர் அருகே நின்று கற்பதே அன்றைய கல்வி. 1939இல் தொடங்கிய பூ.சா.கோ. பாலிடெக்னிக் இத்தேவையிலிருந்து முளைத்ததே.

இப்பின்னணியில்தான் ஜி.டி. நாயுடு வருகிறார். 1893இல் கலங்கலில் பிறந்த அவர், தொடக்கப்பள்ளியையே முழுமையாகக் கடந்தவரல்லர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர். எந்திரத்தைப் பிரித்துப் பார்த்தே அறிந்தவர். 1937இல் இந்நாட்டின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியதில் பாலசுந்தரம் நாயுடுவுடன் அவர்க்கும் பங்குண்டு. அத்தகையவரின் கொடையாலும் முயற்சியாலும் 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது.

எழுந்த சிறிது காலத்திலேயே பிணக்கும் எழுந்தது. பொறியியலுக்கு நான்காண்டு என்பது காலவிரயம், ஈராண்டே போதும் என்றார் நாயுடு. ஏறத்தாழ ஆறு வாரத்தில் ஒரு தொழிலைக் கற்பிக்கும் குறும்பயிற்சிகள் பல வேண்டும் என்றும் வற்புறுத்தினார். ஆங்கில அரசு இசையவில்லை, அவர் விலகினார்.

அவர் கூற்றை நான் முழுமையாக ஏற்கவில்லை. மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்ற ஆறு வாரம் போதலாம். பாலத்தின் பளுவைக் கணிக்கும் கணிதம் அவ்வளவு விரைவில் கைவராது. எனினும், தொழிலாளிக்கும் பட்டதாரிக்கும் இடையே அன்று எழுப்பப்பட்ட சுவரை அவர் சரியாகவே கண்டார். பாடத்துக்கு எவ்வளவு காலம் தேவை என்பதை மாணவன் கையைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்றே அவர் வாதத்தை நான் பொருள் கொள்கிறேன். முனைவர் பட்டத்துக்கு ஏழாண்டுகள் செலவிட்ட என்னை அவ்வாதம் சற்றே உறுத்துகிறது!

கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்கு இடம்பெயர்ந்து அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. ஆளுநர் பெயரை அது உதறிவிட்டது. பேருந்து நிறுத்தமோ உதறவில்லை. 2025 அக்டோபரில் அவிநாசிச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் திறக்கப்பட்டது. அதன் பெயர் ஜி.டி. நாயுடு மேம்பாலம். ஹோப் காலேஜ் நிறுத்தம் அதன் நிழலில் இருக்கிறது.