ஏழரை நாழிகையும் 125 மெகாஹெர்ட்ஸும்

கடலூர்க் கரையிலுள்ள தேவனாம்பட்டினம் கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 79¾ பாகைத் தீர்க்கரேகையில் அமைந்திருக்க, இந்தியாவின் பொதுநேரம் 82½ பாகைக்கு உரியதாக இருப்பதால், அக்கரையில் சூரியன் உச்சிக்கு வரும் வேளை, ஆண்டுச் சராசரியில், கடிகாரம் 12 மணி காட்டி 11 நிமிடம் கழிந்த பின்னரே அமைகிறது. இந்த 11 நிமிடம் கருவியின் பிழையன்று. பலரும் பகிர்ந்துகொள்ளும் நேரத்துக்கு எதை மூலமாகக் கொள்வது என்று ஒரு காலத்தில் எடுக்கப்பட்ட முடிவின் விளைவு. இன்றைய இயற்பியல் ஆய்வகத்தில் லேசரைத் திறந்து மூடும் பலகை, மின்னழுத்தத்தை மாற்றும் கருவி, வந்துவிழும் துகள்களை எண்ணும் கருவி ஆகியவை யாவும் ஒரே கணத்தை ஒரே கணமாகக் கொள்ள வேண்டுமானால், அவற்றுக்கெல்லாம் மூலமாக ஒரு சீரான மின்னலைவு தேவைப்படுகிறது. ஆய்வகப் பேச்சில் ரெஃபரன்ஸ் கிளாக் எனப்படும் அந்த அலைவு வினாடிக்கு எத்தனை முறை துடிக்க வேண்டும் என்பதைத் துல்லியம் மட்டும் தீர்மானித்ததில்லை. அதிலிருந்து எவற்றை வகுத்தெடுக்க வேண்டும், அதை எவரோடு பகிர வேண்டும் என்ற இரண்டு கேள்விகளே பெரிதும் தீர்மானித்து வந்துள்ளன.

வகுத்தெடுப்பதன் சிக்கல் தமிழகத்தின் பழைய காலக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு நாளை 60 நாழிகையாகவும் ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் பகுத்த அக்கணக்கில், நாழிகை 24 நிமிடத்துக்கும் விநாழிகை 24 வினாடிக்கும் சமமாகின்றன. 2, 3, 4, 5, 6 என்ற எண்கள் ஐந்தாலும் மிச்சமின்றி வகுபடுவதால் 60 வாகான எண்ணாக விளங்கியது. ஆறு சிறுபொழுதுகளுக்கும் தலா பத்து நாழிகை என்று அது தடையின்றிப் பிரிந்தது. ஆயின் பகலுக்கு நான்கும் இரவுக்கு நான்குமாக எட்டுச் சாமம் பிரிக்க முற்பட்டபோது 60 எட்டால் வகுபடவில்லை. ஒரு சாமம் ஏழரை நாழிகையாயிற்று. அடியில் துளையிட்ட வட்டில் நீரில் அமிழ்வதைக் கொண்டு நாழிகை எண்ணுபவருக்கு, முதற்சாமம் எட்டாவது வட்டில் பாதி நிறைந்த நிலையில் முடிந்துவிடும். வட்டில் முழுதாக அமிழ்வதும் சாமம் முடிவதும் ஒன்றாக நிகழ்வது இரண்டு சாமத்துக்கு ஒருமுறைதான். இந்த அரைப் பங்கின் தொல்லை மின்னணுக் காலத்திலும் அப்படியே தொடர்கிறது.

மூலமாகக் கொள்ளப்படுவதை வேறோர் இடத்தில் மீண்டும் உருவாக்க முடிய வேண்டும் என்பது அடுத்த தேவை. 1690ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கி அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டபோது, கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரையிலான நிலம் கம்பெனிக்கு உரியது என்று உடன்பாடு செய்யப்பட்டது. அவ்வாறு சேர்ந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. மருந்தின் தரத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப மாறும் இந்த அளவுகோல் நிலம் வாங்க உதவியதேயன்றி, அளவியலுக்கு உதவக்கூடியதன்று. அதே கம்பெனி, கப்பல்களின் தீர்க்கரேகையைக் கணிக்க வேண்டிய கட்டாயத்தால், 1792இல் மைக்கேல் டாப்பிங்கின் வடிவமைப்பில் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது. அங்குப் பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் 1802இல் நிறுவிய சென்னை நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. பின்னாளில் இந்திய இரயில்வேக்கள் அதையே பொதுநேரமாகக் கொண்டன. கடலூரின் சொந்த நேரத்துக்கும் அதற்கும் வேறுபாடு இரண்டு நிமிடமே. 1906இல் 5½ மணி நேர வேறுபாடுடைய இந்தியப் பொதுநேரம் வந்தபோது அந்த இரண்டு நிமிடம் 11 நிமிடமாக விரிந்தது. ஊருக்கு நெருக்கமான எண்ணை விட்டு, எல்லோரும் கணக்கிட எளிதான எண்ணுக்கு நாடு மாறியது.

வானாய்வகத்தின் மூலக் கடிகாரங்களுள் ஒன்று, இலண்டனில் ஜான் ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரம். வானாய்வகப் பணிகள் 1899இல் கொடைக்கானலுக்கு இடம் மாறியபின் அதுவும் அங்குச் சென்றது. பக்கத்துக்கு ஒரு வினாடியாக ஆடும் ஊசலின் நீளம் இலண்டனில் ஏறத்தாழ 39.14 அங்குலம் என்றால், நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சென்னையில் புவியீர்ப்பு சற்றே குறைவாதலால் 39.03 அங்குலமே, கோல்டிங்காம் 1821இல் இதை அளந்தார். வேறுபாடு நூலளவாகத் தோன்றினும், இலண்டனில் சரியாக ஓடிய கடிகாரத்தைத் திருத்தாமல் சென்னையில் ஓடவிட்டால் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கும் மேலாகப் பின்தங்கும். ஊசல், ஊருக்கு ஊர் திருத்த வேண்டிய மூலமாகவே இருந்தது.

அந்தக் குறையைப் பெருமளவு நீக்கியது குவார்ட்ஸ் படிகம். பரவலாகப் பயன்படும் வெட்டுவகையில் அலைவெண்ணை மில்லிமீட்டர்த் தடிமனால் பெருக்கினால் ஏறத்தாழ 1.66 மெகாஹெர்ட்ஸ் வரும். ஆகவே 10 மெகாஹெர்ட்ஸில் இயல்பாகத் துடிக்கும் தகட்டின் தடிமன் 0.17 மில்லிமீட்டரே. அவ்வளவு மெல்லிய தகடு நிலையாக இருப்பதில்லை என்பதால், தடித்த தகட்டை அதன் ஐந்தாம் மேற்சுரத்தில் இயக்கி 5 மெகாஹெர்ட்ஸ் பெறுவதே உயர்தரக் கடிகாரங்களின் வழக்கமாயிற்று. 1967இல் வினாடி என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அலைவுகள் என்று வரையறுக்கப்பட்ட பின்னரும், அணுக் கடிகாரப் பெட்டியின் பின்புறத்தில் ஆய்வாளருக்குக் கிடைப்பது 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ்தான். புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் ஏ.டி.ஏ. என்ற அழைப்புக்குறியுடன் சிற்றலையில் நேரத்தை ஒலிபரப்பியதும் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ்களில்தான்.

ஆயினும் முழு எண் என்பதாலேயே ஓர் எண் சிறந்ததாகிவிடாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் பல தலைமுறை மாணவர் பழகிய 8051 என்னும் கட்டுப்பாட்டுச் சில்லு, 1980இல் இன்டெல் வெளியிட்டது. அதன் பலகையில் பொருத்தப்படும் படிகத்தின் மேல் 11.0592 என்று பொறித்திருக்கும். அச்சில்லு மூல அலைவெண்ணை 12ஆல் வகுத்தும், தொடர்வழிச் செய்தி அனுப்புகையில் மேலும் 32ஆல் வகுத்தும் பயன்படுத்துகிறது. 11.0592 மெகாஹெர்ட்ஸை அவ்வாறு வகுத்தால் 28,800 வரும். அதை 3ஆல் வகுத்தால் கணினியோடு பேசத் தேவையான 9,600 மிச்சமின்றிக் கிடைக்கும். கணக்குக்கு அழகான 12 மெகாஹெர்ட்ஸை வைத்தாலோ 10,417 வந்து, 8½ விழுக்காடு பிழையால் எழுத்துகள் சிதைந்துவிடும். மறுபுறம், சரியாக ஒரு மைக்ரோவினாடி எண்ண வேண்டிய கருவிக்கு அந்த 12தான் பொருத்தம்.

சில ஆய்வகங்களில் எண்ணைத் தேரும் உரிமை மின்னணுவியலாரிடம் இருப்பதேயில்லை. இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தின் எலக்ட்ரான் வளையங்களில், ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் சுற்றும் துகள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கட்டத்தில் மின்னலையைச் சந்திக்க வேண்டும். எனவே மின்னலையின் அலைவெண், துகள் வினாடிக்குச் சுற்றும் எண்ணிக்கையின் முழு மடங்காக இருந்தாக வேண்டும். முடுக்கி வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 28.4 மீட்டர், இந்தஸ்-1 வளையத்தினுடையது 19 மீட்டர். இவை 3:2 என்ற விகிதத்தில் அமைந்ததால் ஏறத்தாழ 31.6 மெகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் பொதுவாயிற்று. 172 மீட்டர் சுற்றளவுள்ள இந்தஸ்-2 வளையத்துக்குரிய 505.8 மெகாஹெர்ட்ஸ் அந்தப் பொது அலைவெண்ணின் 16 மடங்கு. தரையில் சுற்றளவு குறிக்கப்பட்டபோதே அலைவெண்ணும் குறிக்கப்பட்டுவிட்டது.

அண்மைக் கால ஆய்வகங்களில் போட்டி 100 மெகாஹெர்ட்ஸுக்கும் 125 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில் நிகழ்கிறது. வினாடிக்கு நூறு கோடி பிட் கடத்தும் ஈதர்நெட் ஒரு துடிப்புக்கு 8 பிட் வீதம் இயங்குவதால் 125 பிறந்தது. செர்னில் உருவான வொயிட் ராபிட் முறை, கண்ணாடி இழை வழியே நேரம் கொண்டுசெல்ல அதையே ஏற்றது. ஆனால் அணுக் கடிகாரத்தின் 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து 125ஐப் பெறப் பன்னிரண்டரையால் பெருக்க வேண்டியிருக்கிறது. அதற்காக 10ஐ முதலில் இரண்டால் வகுத்து 5 ஆக்கி, பின்னர் 25ஆல் பெருக்குகையில், வகுப்பான் எந்தத் துடிப்பை முதலாவதாக எண்ணத் தொடங்கியது என்பதைப் பொறுத்து, 125இன் துடிப்பு இரு நிலைகளுள் ஒன்றில் நிற்கும். இரண்டுக்கும் இடைவெளி அரைச் சுற்று, அதாவது 4 நானோவினாடி. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கருவி எந்த நிலையில் விழித்தெழும் என்று சொல்ல இயலாது. ஆகவே 10 மெகாஹெர்ட்ஸ் மூலத்தை மட்டும் நம்பும் ஆய்வகம் 100ஐத் தேர்வதும், இழை வழியே நேரம் பெறும் ஆய்வகம் 125ஐத் தேர்வதும் தகும். இரண்டையும் கலக்க நேரும் இடத்தில் வினாடிக்கு ஒருமுறை வரும் குறித்துடிப்பைத் தனிக் கம்பியில் கொண்டுவந்து எல்லாக் கருவிகளையும் அதற்கு நேர்செய்தே தீர வேண்டும்.