சுண்ணாம்புக்கல்லும் மேல்நிலைக் கல்வியும்: ஆலத்தியூர்ப் பகுதியை முன்னிட்டு ஒரு பொருளாதார விசாரணை

ஓர் அரசாங்கம் இடைநிலைக் கல்விக்கு எவ்வளவு செலவிடுகிறது என்ற கேள்வியை, தேசிய வருமானத்தில் அது எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுச் சொல்வதோடு பொருளாதார ஆசிரியர்கள் பெரும்பாலும் முடித்துக்கொள்கிறார்கள். கல்வி முழுவதற்கும் 6 சதவீதம் வேண்டுமென்று 1966இல் கோத்தாரிக் குழு பரிந்துரைத்த நாள்தொட்டு நம் விவாதங்களும் அந்த எண்ணையே சுற்றிவந்துள்ளன. ஆனால் அப்பணம் எந்த மூலத்திலிருந்து வருகிறது, அம்மூலம் எத்தனை காலம் நிலைக்கும் என்பன அளவைக் காட்டிலும் முக்கியமான கேள்விகள் என்பது என் அபிப்பிராயம். அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்து ஆலத்தியூரை முன்வைத்து யோசிப்பவர் அவற்றைத் தவிர்க்கவே முடியாது.

கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இப்பிரதேசத்தை மூடியிருந்த கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இதன் பிரதான செல்வம். ஆலத்தியூரில் 1997இல் சிமெண்ட் ஆலை எழுந்ததற்கும், ரெட்டிபாளையம், தளவாய், கீழப்பழுவூர் முதலிய ஊர்களில் ஆலைகள் அமைந்ததற்கும் அக்கல்லே காரணம். நெல் அறுத்த வயலில் மறு போகம் விளையும். கல் வெட்டிய குழியில் கல் விளைவதில்லை. ஆதலின், சுரங்கத்திலிருந்து சர்க்காருக்குக் கிடைக்கும் பணத்தை வருமானம் என்று வழங்குவது கணக்கு வழக்கமே தவிர, தத்துவப்படி அது மூலதனத்தை விற்றுப் பெற்ற கிரயம். அழியும் மூலதனத்தின் கிரயத்தை வேறொரு மூலதனமாக மாற்றிவைத்தாலன்றிப் பின்வரும் சந்ததிக்கு நியாயம் செய்ததாகாது என்பதை ஜான் ஹார்ட்விக் என்ற அறிஞர் 1977இல் கணித முறையில் நிறுவினார்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சிமெண்டுக்குரிய சுண்ணாம்புக்கல்லுக்கு டன் ஒன்றுக்கு ரூ.80 உரிமைத்தொகை. 2015 ஜனவரி 12க்கு முன் வழங்கப்பட்ட குத்தகையாயின் அதில் 30 சதவீதம், அதாவது ரூ.24, மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குத் தனியே செலுத்தப்படவேண்டும். கனிம நிலங்களின்மீது வரிவிதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டென்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 ஜூலையில் தீர்ப்பளித்ததன்பேரில், தமிழக அரசு சட்டம் இயற்றி 2025 ஏப்ரல் முதல் டன்னுக்கு ரூ.160 வரி வசூலிக்கிறது. மூன்றும் சேர்ந்து ரூ.264. இத்தொகையில், கல்லைக் கொடுத்த மாவட்டத்திற்கென்றே மத்தியச் சட்டம் ஒதுக்கி நிறுத்துவது பதினொன்றில் ஒரு பங்குதான்.

அந்த ஒரு பங்கும் எவ்விதம் செலவாகிறது என்பதில்தான் இடைநிலைக் கல்வியின் பிரச்சினை அடங்கியிருக்கிறது. 2015இல் வகுக்கப்பட்ட விதிகளில் கல்வி என்ற தலைப்பின்கீழ் வகுப்பறை, ஆய்வகம், நூலகம் ஆகியவற்றோடு ஆசிரியர் நியமனமும் இடம்பெற்றுள்ளது. எனினும் நிர்வாகத்தின் இயல்பு கட்டடத்தையே நாடும். கட்டடத்திற்கு மதிப்பீடு உண்டு, டெண்டர் உண்டு, முடிந்ததற்குச் சான்றிதழ் உண்டு. ஆசிரியர் சம்பளமோ வருஷாவருஷம் தொடரும் பொறுப்பு. சர்க்கார் கணக்கிலும் சுற்றுச்சுவர் மூலதனச் செலவாகவும், இயற்பியல் ஆசிரியர் சம்பளம் வருவாய்ச் செலவாகவும் எழுதப்படுகின்றன. இந்தப் பாகுபாடு அடியோடு தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கப் பள்ளியை இரண்டு ஆசிரியர்களைக் கொண்டு ஒருவாறு நடத்திவிடலாம். பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் அறிவியல் பிரிவை நடத்துவதற்கோ இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஒவ்வொன்றுக்கும் முதுகலை ஆசிரியர் தேவை. மாணவர் இருபதுபேராயினும் அறுபதுபேராயினும் இத்தேவை குறைவதில்லை. ஆகவே மாணவர் குறைந்த கிராமத்துப் பள்ளியில் தலைக்கு ஆகும் செலவு மிகுகிறது. மிகவே அறிவியல் பிரிவுதான் முதலில் பலியாகிறது. தம் ஊர்க் கல்லின்மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டவிட, அது நுரைத்தெழுவதைக் கண்டு, கார்பனேட் இருப்பதை உய்த்துணரும் எளிய செய்முறைகூட, கற்பிப்பவர் இல்லாத ஆய்வகத்தில் நடவாது. மேலும், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவதால், அதற்கு மேற்பட்ட படிப்பைச் சட்டப்படி கேட்கும் உரிமை கிராமத்துப் பிள்ளைக்கு இல்லை என்பதையும் இங்கே மிகுந்த வருத்தத்தோடு குறிப்பிடவேண்டும்.

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா தேசம் நாம் கவனிக்கத்தக்கது. 1966இல் சுதந்திரம் பெற்றபோது மிக வறிய நாடாயிருந்த அதற்கு, அடுத்த வருஷமே ஓராப்பாவில் வைரம் கிடைத்தது. வைரப் பணம் வீணாகிறதா என்று சோதிக்க அந்நாட்டார் ஏற்படுத்திய வரவு செலவுக் குறியீட்டில், கல்விக்கும் சுகாதாரத்துக்கும் ஆகும் நடைமுறைச் செலவையும் முதலீடாகவே பாவித்தார்கள். அதாவது ஆசிரியர் சம்பளம் அங்கே மூலதனம். அந்நாட்டிலும் 2006இல் இடைநிலைப் பள்ளிகளில் மீண்டும் கட்டணம் புகுந்ததும், படித்த இளைஞர் வேலையின்றித் தவிப்பதும் உண்மையே. ஆயினும் அவர்கள் மேற்கொண்ட கணக்கு முறையின் நியாயம் அதனால் குறைந்துவிடாது.

பள்ளிக் கல்வித் துறைக்கு 2025-26இல் ரூ.46,767 கோடி ஒதுக்கியுள்ள மாநிலத்தில், ஒரு மாவட்டத்திற்கென்று தனி நிதி எதற்கு, கனிமமற்ற மாவட்டத்துப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பொதுவரியைப் பொறுத்தமட்டில் அதற்கு நான் உடன்படுவேன். ஆனால் இது பொதுவரியன்று. ஓர் ஊரின் நிலத்தடியை விற்ற பணம். அன்றியும், பள்ளிக் கல்விக்கென 2024-25இல் தரவேண்டிய ரூ.2,152 கோடியை மத்திய சர்க்கார் விடுவிக்கவில்லையென்று தமிழக அரசு உச்ச நீதிமன்றம் செல்ல நேர்ந்ததை நோக்கும்போது, பிறர் கையை எதிர்பாராத மூலநிதி ஒன்றின் அவசியம் விளங்கும். அறக்கட்டளைப் பணத்தோடு புதிய நிலவரியின் ஒரு பகுதியையும் சேர்த்து முதலாக வைத்து, அதன் வட்டியிலிருந்து செந்துறை, அரியலூர் வட்டங்களின் மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பாட ஆசிரியர்களை நிரந்தரமாக நியமிப்பதே தக்க வழி.

இதற்குக் காலக்கெடு ஒன்றும் உண்டு. ஆலைகள் சொந்த உபயோகத்திற்கென 2015க்கு முன் பெற்ற குத்தகைகள் 2030 மார்ச் 31 வரையிலோ, வழங்கிய நாளிலிருந்து 50 வருஷம் வரையிலோ, எது பிந்தியதோ அதுவரை செல்லும். அதன்பின் ஏலத்தில் விடப்படும் சுரங்கங்கள் அறக்கட்டளைக்குச் செலுத்தவேண்டியது, இன்றைய விதிப்படி, 10 சதவீதம் மட்டுமே, ரூ.24 என்பது ரூ.8 ஆகிவிடும். 2025-26இல் எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை பிளஸ் டூ தேர்வு எழுதுவதும் அதே 2030 மார்ச்சில்தான். மூலநிதியை ஏற்படுத்துவதானால் முப்பது சதவீதம் வந்துகொண்டிருக்கும் இந்த இடைக்காலத்திலேயே ஏற்படுத்தியாகவேண்டும்.