பெயர் இல்லாத போர்க்களம்

ஆரணி என்றால் பட்டு. முகூர்த்த சீசனில் கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் புடவை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இங்கே இரண்டு போர்கள் நடந்தன என்று சொன்னால், “அப்படியா?” என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

1751 டிசம்பரில், ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட ராபர்ட் கிளைவ், மராத்தியக் குதிரைப்படையின் துணையோடு சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபையும் பிரெஞ்சுக்காரர்களையும் இங்கே தோற்கடித்தார். 1782 ஜூன் 2-ஆம் தேதி ஐர் கூட்டின் படையும் ஹைதர் அலியின் படையும் மோதின. ஹைதரின் தானியமும் தளவாடமும் ஆரணிக் கோட்டையில் இருந்தன. கூட் குறிவைத்தது அதைத்தான். கோட்டை அவர் கைக்குச் சிக்கவில்லை.

இவ்வளவு நடந்த இடம் ஏன் சுற்றுலாத் தலமாகவில்லை? போர் பெரியதா சிறியதா என்பது மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. யார் தேடி வருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

1815-இல் வாட்டர்லூ போர் முடிந்த கையோடு ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். வால்டர் ஸ்காட் இரண்டே மாதத்தில் போனார். நினைவுப் பொருள் விற்பனை களைகட்டியது. நெதர்லாந்து இளவரசர் காயம்பட்ட இடத்தில் செயற்கைக் குன்று ஒன்றையே எழுப்பினார்கள். செத்த சாதாரணச் சிப்பாய்களுக்குக் கிடைத்தது பொதுக்குழி. அது ஜெயித்தவர்களின் சுற்றுலா.

முதல் உலகப்போர்தான் இதை மாற்றியது. 1917-இல் பிரிட்டன் அமைத்த போர்க்கல்லறை ஆணையம், பதவி வித்தியாசம் பார்க்காமல் ஒரே மாதிரிக் கல் என்று முடிவெடுத்தது. உடல் கிடைக்காதவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்தார்கள். மகன் பெயரை விரலால் தொட்டுப் பார்க்கத் தாய்மார்கள் கப்பலேறிப் போனார்கள். சுற்றுலா யாத்திரையானது அப்படித்தான். ஆனால் அந்தச் சமத்துவமும் எல்லாருக்கும் எட்டவில்லை. பிரான்சின் நவ்-ஷப்பேலில் இந்திய வீரர்களுக்கு 1927-இல் நினைவகம் எழுந்தது உண்மை. ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இறந்த லட்சத்துக்கும் அதிகமானோர் பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை என்று அதே ஆணையம் 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

நம் பக்கத்திலேயே இதன் கொடூரமான வடிவம் உண்டு. 2009-க்குப் பிறகு இலங்கை ராணுவம் புதுக்குடியிருப்பில் வெற்றிச் சின்னம் எழுப்பியது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து படமெடுத்துக்கொண்டு போனார்கள். மாவீரர் துயிலும் இல்லங்களை இடித்துத் தள்ளினார்கள். யாழ்ப்பாணத்தில் கோப்பாய் துயிலும் இல்லம் இருந்த இடத்தில் ராணுவத் தலைமையகமே வந்தது. ஒரே மண்ணில் ஒருவருக்குச் சுற்றுலா, இன்னொருவருக்கு அழக்கூட இடமில்லை. ஆனாலும் நவம்பர் 27 அன்று, உடைந்த கற்களைக் கூட்டிவைத்து அங்கே விளக்கேற்றுகிறார்கள். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்வரை யாத்திரை நிற்காது.

ஆரணியில் அந்தக் கண்ணி அறுந்துவிட்டது. 1790-இல் இறந்த கம்பெனி அதிகாரி ராபர்ட் கெல்லிக்கு இங்கே நினைவுத் தூண் இருக்கிறது. இரண்டு பக்கமும் நின்று செத்த சிப்பாய்கள், பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள், வரலாற்றில் வெறும் எண்ணிக்கை.

இனி அவர்கள் பெயர்களைத் தேடி எடுப்பது கஷ்டம். ஆனால் நாளைக்கே யாராவது இங்கே போர்க்களச் சுற்றுலா தொடங்கினால், கிளைவ் நின்ற இடம், கூட் வந்த வழி என்று மட்டும் பலகை வைக்கக் கூடாது. பெயர் எழுதப்படாமல் இங்கே செத்தவர்களும் உண்டு என்று ஒரு வரி, தமிழில், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.