மஞ்சக்குப்பம் கார்டன் ஹவுஸ்

பட்டாவுக்கும் மனுவுக்கும் சிப்காட்டிலிருந்து மஞ்சக்குப்பம் போய் வந்த நம் பங்கு மக்களில், 'கார்டன் ஹவுஸ்' என்ற பெயரைக் கேளாதவர் இரார். பங்கு வரலாறு கூறும் இம்மலரில் கவர்னர் மாளிகைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு.

1690-இல் மராத்தியரிடம் ஆங்கிலேயக் கம்பெனியார் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கி, புனித தாவீது கோட்டை எனப் பெயரிட்டனர். பீரங்கிக் குண்டு எட்டிய தூரம் வரை நிலம் அவர்களுடையதாயிற்று. கோட்டைக்குள் புழுக்கம், ஆகவே கவர்னர் தங்கக் கோட்டைக்கு வெளியே மதில் சூழ்ந்த தோட்டமும் மாளிகையும் அமைந்தன.

இம்மாளிகையின் கூரையே அதன் தனிச்சிறப்பு. இரும்பும் இல்லை, மரமும் இல்லை. செங்கல்லும் நீற்றுச் சுண்ணாம்பும் மட்டுமே. தூலம் இன்றிச் செங்கல் நிற்க வேண்டுமாயின் வளைந்துதான் நிற்க வேண்டும். ஒன்றை ஒன்று நெருக்கித் தாங்க, பாரம் முழுவதும் கனத்த சுவர்களில் இறங்குகிறது. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், மரத்தைக் கறையான் தின்னும் என்பது நம் ஊராருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும், 1752 வரை தென்னாட்டு ஆங்கிலேயருக்குக் கடலூரே தலைமையிடம். அவ்வாண்டு டிசம்பரில் பிரெஞ்சுப் படை இத்தோட்டத்தைப் பிடித்து, ஆயுதங்களை வைத்துவிட்டுச் சமைக்க அமர்ந்தது. ஆர்க்காட்டு நவாபின் படை வருகிறதென்றதும் அலறியடித்து ஓடியது!

'கிளைவ் வீடு' என்பது ஊர்ப்பேச்சு. ஆனால் ராபர்ட் கிளைவ் இங்கு அதிகாரம் ஏற்றது 1756 ஜூனில். அக்டோபரில் வங்காளத்துக்குக் கப்பலேறிவிட்டார். சில மாத வாசத்துக்கு இத்தனை புகழ் மிகையென்பதே எம் கருத்து. பின்னாளில் இங்கு குடியிருந்த தென்னார்க்காடு கலெக்டர்களுக்கே உரிமை அதிகம்.

நமக்கு நெஞ்சைத் தொடுவது 1749-ஆம் ஆண்டே. கத்தோலிக்கக் குருக்கள் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொல்கின்றனர் என்ற ஐயத்தால், கம்பெனி அரசு அவர்களைக் கடலூரிலிருந்து வெளியேற்றி, அவர்கள் கோயிலை சுவீடன் நாட்டு லுத்தரன் போதகர் கீர்நாந்தரிடம் ஒப்படைத்தது. ஞானஸ்நானமும் பூசையும் பெற்ற கோயிலில் நம் முன்னோர் அந்நியராயினர். அரசர் சண்டைக்கு ஆலயம் விலையாயிற்று. கீர்நாந்தரைக் குறை கூறோம். 1740 முதல் இவ்வூரில் உழைத்தவர். 1758-இல் தளபதி லாலி கடலூரைப் பிடித்தபோது அவரும் உடைமைகளை விட்டு வெளியேற நேர்ந்தது. கல்கத்தா சேர்ந்த அவருக்கு ஆதரவு காட்டியவர், முன்பு கடலூரை ஆண்டு சென்ற அதே கிளைவ்.