ஒரே ஒரு கிளை

திருச்சியில் அர்னாட் வங்கி என்று ஒன்று இருந்தது. 1942 டிசம்பர் 23-ல் தொடங்கினார்கள். 1963-ல் கனரா வங்கி அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது அதற்கு இருந்தது ஒரே ஒரு கிளை. இன்றைக்கு மலைக்கோட்டைப் பக்கம் யாரிடமாவது கேட்டால், "அப்படி ஒரு பேங்க்கா?" என்பார்கள்.

ஒரு கிளை என்றால் ஒரு வாடகை, ஒரு இரும்புப் பெட்டி, நாலு குமாஸ்தா. செலவே கம்மி, அப்புறம் என்ன கஷ்டம் என்று தோணும். இங்கேதான் கணக்கு நம்மை ஏமாற்றும்.

சும்மா ஒரு உதாரணம். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு குட்டி வங்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருஷச் செலவு 12,000 ரூபாய். டெபாசிட் 2 லட்சம். அதாவது நூறு ரூபாயைக் கட்டிக் காக்க 6 ரூபாய் செலவு. வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் வித்தியாசம் 3 ரூபாய்தான் என்றால் நஷ்டம். அதே ஆட்கள், அதே பேரேடு, ஆனால் டெபாசிட் 8 லட்சம் என்றால் செலவு ஒன்றரை ரூபாய். விளக்கை அணைத்து மிச்சம் பிடித்து இந்த லாபத்தைப் பார்க்க முடியாது.

பக்கத்து ஊர்க் கும்பகோணம் வங்கி இதை வேறு மாதிரி கையாண்டது. 1904-ல் தொடங்கி, தஞ்சை மாவட்டத்துக்குள் ஏஜென்சிகளை வைத்தே நிதானமாக வளர்ந்தது. முதல் கிளையை மன்னார்குடியில் திறந்தது 1930-ல்தான். 26 வருஷம் பொறுத்திருக்கிறார்கள்! அதற்காகச் சின்னதாகவே இருந்துவிடவும் இல்லை. 1957-ல் காமன்வெல்த் வங்கியையும், 1965-ல் சிட்டி ஃபார்வர்டு, யூனியன் வங்கிகளையும் சேர்த்துக்கொண்டது. இன்றைய சிட்டி யூனியன் வங்கி அதுதான்.

நடுவில் ஒரு இடி விழுந்தது. 1960-ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அதற்குப் பிறகு சின்ன வங்கிகளைப் பெரியவற்றோடு இணைக்கும் வேலையை ரிசர்வ் வங்கி முடுக்கிவிட்டது. 1951-ல் 566 வணிக வங்கிகள் இருந்த நாட்டில் 1969-ல் மிஞ்சியவை 89. அர்னாட் போனது அந்த அலையில்தான். அன்றைய திருச்சி மாவட்டத்துக் குளித்தலையில் 1933-ல் பிறந்த குளித்தலை வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்குள் கரைந்தது.

சரி, வளர்ந்துவிட்டால் போதுமா? அதே பழைய திருச்சி மாவட்டத்தின் கரூரைப் பாருங்கள். 1916-ல் தொடங்கிய கரூர் வைசியா வங்கி இன்றும் நிற்கிறது. 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி நூற்றுக்கணக்கான கிளைகள் வரை வளர்ந்தும், பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன்கள் திரும்பாமல் தள்ளாடியது. 2020 நவம்பரில், 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதென்று உத்தரவு வந்தது. பத்தே நாளில் வங்கி சிங்கப்பூரின் டிபிஎஸ் கைக்குப் போனது. டெபாசிட் தப்பியது, பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாகூட மிஞ்சவில்லை.

வாடகையைக் குறைக்கலாம், ஆளைக் குறைக்கலாம். கடன் கேட்டு வருபவனை விசாரிக்கிற செலவைக் குறைத்தால் மற்ற மிச்சமெல்லாம் ஒரே வாராக்கடனில் போய்விடும். சின்ன வங்கிக்கு அந்த விசாரணை கிட்டத்தட்ட இலவசம். ஊரே சொல்லிவிடும், யார் நாணயமானவர் என்று. அர்னாட் மாதிரி வங்கிகள் போனபோது கூடவே போனது அந்தக் காதும்தான்.