நெட்டி முறித்த கழுத்தும் பச்சை உடம்பும்

டெல்லி சாணக்யபுரியிலிருந்து எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மருத்துவமனைகள் சில கிலோமீட்டர்தான். பக்கவாதம் வந்த நான்கரை மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும் என்பதால், அங்கே குடியிருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் முப்பது வயதுக்காரருக்கு வாய் கோணினால், பிரஷர் இல்லை, சுகர் இல்லை, பித்தமாக இருக்கும் என்று படுக்கவைத்துவிடுகிறோம். அந்த வயதில் அதிகம் சந்தேகிக்கப்படாத காரணங்கள் இரண்டு: கழுத்துத் தமனி கிழிவது, மூளைச் சிரை அடைபடுவது.

முதலாவதற்கு சலூன் நாற்காலியே போதும். முடிவெட்டிய பிறகு தாடையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுப்பார்களே, அந்த வேகத்தில் தமனியின் உள்சுவர் கிழியலாம். கிழிசலில் உறைந்த ரத்தம் துணுக்காகப் பிய்ந்து மூளைக்கு ஏறும். 2024-இல் பெல்லாரியில் முப்பது வயது இளைஞர் ஒருவருக்கு இப்படித்தான் நேர்ந்தது. அழகு நிலையத் தொட்டியில் கழுத்தைச் சாய்த்துத் தலை அலசிய ஐந்து பெண்களுக்கு வந்த பாதிப்பை, அமெரிக்க மருத்துவர் மைக்கேல் வைன்ட்ராப் 1993-லேயே எழுதினார். ஒருபக்கக் கழுத்துவலி, சரிந்த இமை, சுருங்கிய கண்மணி ஆகியவை அடையாளங்கள். கை கால் விழுவது சில நாள் கழித்தும் நடக்கலாம். அதற்குள் சலூன் மறந்திருக்கும்.

இரண்டாவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும். அதோடு சோகை. போதாக்குறைக்கு, தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று கோடையிலும் செம்பை எட்ட வைக்கும் வீடுகள் உண்டு. உடலில் நீர் வற்ற வற்ற, மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் சிரை அடைத்த வடிகால்போல் ஆகிவிடுகிறது. கர்ப்பத்திலும் பேறுகாலத்திலும் மூளை ரத்தக்குழாய் அடைபட்ட 135 பேரைப் பற்றி 1983-லேயே மருத்துவர் கே. ஸ்ரீனிவாசன் விரிவாக எழுதிவிட்டார். தமனி நோய் திடீரென்று அடிக்கும். சிரை அடைப்போ நாள்கணக்கில் கூடும் தலைவலியாக வரும். தூக்கமில்லாததால் வந்த வலி என்பார்கள். வாந்தி எடுத்து, வலிப்பும் வந்த பிறகு ஜன்னி என்பார்கள். சாதாரண சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சிரைகளைக் காட்டும் வெனோகிராம் எடுத்தால்தான் அடைப்பு பிடிபடும்.

சிகிச்சையிலும் ஒரு வித்தியாசம். தமனிக் கிழிசலுக்கு ஆஸ்பிரினா, ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தா என்று 250 பேரிடம் சோதித்த காடிஸ் ஆய்வில் (2015) பெரிய வேறுபாடு தெரியவில்லை. சிரை அடைப்பில் மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தாலும் உறைவைத் தடுக்கும் ஹெபாரின் கொடுப்பார்கள். கசிவுக்குக் காரணமே அடைப்புதான். ரத்தக்கசிவுக்கு இந்த மருந்தா என்று குடும்பம் பதறுவது நியாயமே. மருத்துவர்தான் உட்கார்ந்து விளக்க வேண்டும்.

சிரை அடைப்பு வந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். அடுத்த பிள்ளையும் பெற்றுக்கொள்ளலாம். அப்போது ஹெபாரின் ஊசி தேவைப்படும் என்பதால் முதலிலேயே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை மட்டும் இனித் தொடவே கூடாது. விசேஷத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையையும் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.